ஒரே வார்த்தையில் பதில் கேட்ட பிள்ளைகளுக்கு

பழங்காநத்தத்திலும் மாடக்குளத்திலும் ஆண்டாள்புரத்திலும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு,

பூமிக்கு வெளியே உயிர் இருக்கிறதா என்று ரவுண்டானா டீக்கடைப் பக்கம் என்னை நிறுத்திக் கேட்டீர்கள். "இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்" என்றீர்கள். "தெரியவில்லை" என்றேன். அந்தப் பதில் உங்களுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. உடனே ஒருவர் கைப்பேசியை நீட்டினார். இரவு வானத்தில் மணி கோத்தாற்போல விளக்குகள் வரிசையாக ஊர்கின்றன. பின்னால் ஒரு குரல், அவர்கள் வந்துவிட்டார்கள், அரசுகள் மறைக்கின்றன என்று முழங்குகிறது. அந்தக் காணொளி எத்தனை பேரிடம் போயிருக்கிறதோ, அதில் கால்வாசிப் பேராவது இதைப் படிக்க வேண்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அந்த விளக்குகளை முதலில் முடித்துவிடுகிறேன். அவை ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஏவப்படுகின்றன. ஏவிய சில நாட்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வாகப் பறந்து, பிறகு தத்தம் உயரத்துக்குப் பிரிந்து போகும். சூரியன் மறைந்து நமக்கு இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கும். அந்த வெயில்தான் பட்டுத் தெறித்து நம் மொட்டை மாடிக்குத் தெரிகிறது. அந்தி கழிந்த சிறிது நேரமும் விடியலுக்குச் சற்று முன்னும் மட்டும் அவை தென்படுவதற்குக் காரணம் இதுவே.

என்னை உறுத்தியது காணொளியில் இருந்த பொய் அல்ல. "தெரியவில்லை" என்ற பதிலை நீங்கள் தோல்வியாக எடுத்துக்கொண்டதுதான் உறுத்தியது. இந்தக் கேள்விக்கு "தெரியவில்லை" என்று சொல்லும் தகுதியைச் சம்பாதிக்க மனிதர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பில் ஒரு பங்கு நம் தமிழ்நாட்டு மண்ணில் நடந்தது. உங்கள் பாடநூல்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் ஒரு பழைய கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய வானாய்வகத்தின் மிச்சம் அது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1848 முதல் சுமார் பத்தாண்டுகள் அந்த ஆய்வகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். பொறியியல் படைப்பிரிவிலிருந்து வந்தவர், இரட்டை விண்மீன்களை அளப்பதில் பெரும் பித்துக் கொண்டவர்.

இரட்டை விண்மீன் என்றால் ஒன்றையொன்று சுற்றிவரும் இரு சூரியன்கள். ஒபியூக்கஸ் என்ற விண்மீன் குழுவில் அப்படி ஒரு சோடி உண்டு. அதன் பெயர் 70 ஒபியூக்கி. நம்மிடமிருந்து 17 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவான தூரம். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். இன்ன தேதியில் இவ்விரண்டும் இன்ன இடைவெளியில், இன்ன கோணத்தில் இருக்க வேண்டும் என்று நியூட்டனின் விதியை வைத்துக் கணக்குப் போடலாம். ஜேக்கப் கணக்குப் போட்டார், தொலைநோக்கியில் அளந்தும் பார்த்தார். கணக்கும் அளவும் ஒட்டவில்லை. சின்ன விலகல்தான், ஆனால் விடாமல் வந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பொருள் ஒன்று அங்கே இழுக்கிறது, அது ஒரு கோளாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று 1855இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் எழுதினார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இன்னொரு சூரியனைச் சுற்றும் கோளைப் பற்றி, யூகமாகவோ தத்துவமாகவோ இல்லாமல், அளந்த எண்களைக் காட்டி முன்வைக்கப்பட்ட முதல் வாதங்களில் ஒன்று இது. அந்த எண்கள் சென்னையில், கோடைப் புழுக்கத்தில், கொசுக்கடிக்கு நடுவில் எடுக்கப்பட்டவை.

ஜேக்கப் சொன்னது தவறாகப் போயிற்று. 1890களில் அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதே விண்மீனை எடுத்துக்கொண்டு, மறைந்திருக்கும் பொருள் 36 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று இன்னும் அடித்துச் சொன்னார். 1899இல் ஃபாரஸ்ட் மோல்டன், சீ சொல்கிற மாதிரி மூன்று பொருள்கள் இருந்தால் அந்த அமைப்பு நிலைக்காது, குலைந்து போய்விடும் என்று கணிதத்தால் காட்டினார். மறுப்பைச் சீ தாங்கிக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு கடிதம் எழுதினார், அவர் பெயர்தான் கெட்டது. ஜேக்கப் அளவுகளை எல்லார் முன்பும் வைத்திருந்தார், வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆகவே பின்னால் வந்தவர்களால் அவரைச் சோதிக்க முடிந்தது. விலகல் என்று அவர் கண்டது அந்தக் காலத்துக் கருவிகளின் பிழை. ஆனால் அவர் தேடிய வழி சரி. விண்மீனின் நடையில் ஒரு தடுமாற்றம் தெரிகிறதா என்று பார்த்துக் கோளைக் கண்டுபிடிப்பது இன்றும் நடக்கிற முறை. 1995இல் ஸ்விட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீன் முன்னும் பின்னும் தள்ளாடுவதை ஒளியலையில் அளந்து, அதைச் சுற்றும் கோளை உறுதிசெய்தார்கள். 2019இல் அதற்கு நோபல் பரிசு. 140 ஆண்டுகள் இடைவெளி. அவ்வளவுதான்.

இன்று உறுதியான வெளிக்கோள்களின் எண்ணிக்கை 6,000ஐத் தாண்டிவிட்டது. பெரும்பாலானவை வேறு முறையில் கிடைத்தவை: கோள் தன் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது ஒளி ஒரு துளி குறையும். நம் பூமி நம் சூரியனுக்குக் குறுக்கே போவதைத் தொலைவிலிருந்து யாராவது பார்த்தால், ஒளியில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். அதை அளக்கிறார்கள்! கோள்கள் ஏராளம் என்பது இனிக் கேள்வியே இல்லை. அவற்றில் எதிலாவது ஏதாவது மூச்சு விடுகிறதா என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் ஜவ்வாது மலைக்குப் போய் வருவோம்.

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் காவலூரில், வானியலாளர் வைணு பாப்பு இருட்டான வானத்தைத் தேடி 1960களில் ஓர் ஆய்வகத்தை உருவாக்கினார். கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு 1968இல் அங்கே வேலை தொடங்கியது. 1972இல் 102 செ.மீ. தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த கையோடு அந்த ஆண்டு ஜூன் 7 அன்று ஒரு வாய்ப்பு. வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது. காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் அதைப் பார்த்தார்கள். காவலூரில் அந்த வேலையைச் செய்தவர் ஜே.சி. பட்டாச்சார்யா. காற்றே இல்லாத வெறும் பாறை ஒரு விண்மீனை மறைத்தால் ஒளி சட்டென்று அணைய வேண்டும். அவர்களுடைய பதிவில் ஒளி கொஞ்சம் தயங்கி மங்கியது. அப்படியானால் கனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கிறது என்று 1973இல் முடிவை வெளியிட்டார்கள்.

1979இல் வாயேஜர் 1 பக்கத்திலேயே போய்ப் பார்த்தபோது, அவர்கள் கணித்த அளவுக்குக் காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. அந்தக் கணிப்பு சரிந்தது. பிறகு 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி கனிமீடில் ஆக்சிஜனைக் கண்டது. காவலூர் கணக்கைவிட மிக மிக மெல்லியது, ஆனால் இருக்கிறது. ஆம், இல்லை, ஆம் என்று மூன்று முறை மாறிய பதில். இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு கேள்வி இப்படித்தான் நகரும். 1977 மார்ச் 10இல் இதே தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் முன்பே ஒளி துடித்ததைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரியவந்த இரவு அது.

கனிமீடை நான் இவ்வளவு பேசக் காரணம் உண்டு. புதன் கோளைவிடப் பெரிய துணைக்கோள் அது. தனக்கென ஒரு காந்தப் புலம் அதற்கு இருப்பதை 1996இல் கலிலியோ விண்கலம் கண்டது. பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் உப்பு நீர்க் கடல் இருக்கிறது என்பதற்கு 2015இல் ஹப்பிள் வலுவான சான்று தந்தது. பூமியின் கடல்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த நீருக்கு ஈடாகாது என்று கணிக்கிறார்கள். வெயில் எட்டாத கடல். வெயில் இல்லாமல் உயிர் ஏது என்று 1977 வரைக்கும் பாடநூலில் எழுதியிருப்பார்கள். அந்த ஆண்டுதான் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் சூட்டில் கொதித்து வரும் ஊற்றுகளைச் சுற்றிப் புழுக்களும் சிப்பிகளும் மண்டிக் கிடப்பதைப் பார்த்தார்கள். பாறையிலிருந்து வரும் வேதிப்பொருள்களை உண்ணும் நுண்ணுயிர்கள்தான் அங்கே அடித்தளம். சூரியனிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருந்தால்தான் உயிர் வாழும் என்று நாம் போட்டிருந்த கோடு அன்றே அழிந்தது.

கனிமீடையும் அதன் சகோதரத் துணைக்கோள்களையும் ஆராய ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2023 ஏப்ரல் 14 அன்று கிளம்பிவிட்டது. 2031இல் வியாழனை அடைந்து, 2034 இறுதியில் கனிமீடைச் சுற்றத் தொடங்கும். அவற்றில் ஒன்றான யூரோப்பாவுக்கு அமெரிக்காவின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபரில் புறப்பட்டு 2030இல் சேரும். இரண்டும் உயிரைத் தேடிப் பிடிக்கும் கலங்கள் அல்ல. உயிர் வாழத் தோதான இடமா என்று பார்க்கப் போகின்றன. செய்தித் தலைப்புகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும், நீங்கள் விழுங்கிவிடாதீர்கள்.

இனி வானத்திலிருந்து விழுந்தவை. 2001 ஜூலை இறுதியில் கேரளத்தில் கோட்டயம், இடுக்கிப் பக்கம் சிவப்பாக மழை பெய்தது. இடுக்கி நமக்கு அந்நியம் அல்ல. முல்லைப் பெரியாற்றிலிருந்து வைகைக்கு வருவது அந்த மலையின் தண்ணீர்தான். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் காட்ஃப்ரே லூயிஸும் சந்தோஷ் குமாரும், அந்தச் சிவப்புத் துகள்கள் வால்நட்சத்திரத்திலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அரசின் புவி அறிவியல் மையமும் திருவனந்தபுரம் தாவரவியல் தோட்டமும் 2001 நவம்பரிலேயே அவை டிரெண்டிபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று கண்டுவிட்டன. அந்தப் பகுதி மரங்களிலும் பாறைகளிலும் படர்ந்திருக்கும் பாசி அது. இலங்கையில் 2012 டிசம்பரில் பொலன்னறுவைப் பகுதியில் கற்கள் விழுந்ததாகச் சொல்லப்பட்டபோது, கொழும்பில் பிறந்த விஞ்ஞானி சந்திரா விக்கிரமசிங்க, அவற்றில் வேற்றுலகப் பாசிகளின் படிமம் இருக்கிறது என்றார். மற்ற ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அந்தக் கல்லே விண்கல்தானா என்ற கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

இவற்றோடு ஒப்பிட, ஹைதராபாத்தில் நடந்த ஒரு வேலையைச் சொல்லி ஆகவேண்டும். 2005 ஏப்ரல் 20 அன்று டாட்டா ஆய்வு நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து ஒரு ராட்சத பலூனை இஸ்ரோ பறக்கவிட்டது. கிருமி நீக்கிய எஃகுக் குடுவைகளில் 20 முதல் 41 கி.மீ. உயரத்துக் காற்றைப் பிடித்து வந்தார்கள். இந்தத் திட்டத்தின் அறிவியல் தலைவர் வானியலாளர் ஜெயந்த் நார்லிகர். காற்றிலிருந்து பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் முளைத்தன. அவற்றில் மூன்று பாக்டீரியா இனங்கள் அதுவரை எவரும் அறியாதவை. வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் நினைவாக ஜானிபாக்டர் ஹாய்லி, இஸ்ரோவின் பெயரில் பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், பிறகு பேசில்லஸ் ஆர்யபட்டா. புற ஊதாக் கதிரைத் தங்கள் உறவினங்களைவிட அதிகம் தாங்குபவை. 2009இல் இதை அறிவித்தபோது இஸ்ரோ கூடவே இன்னொன்றையும் சொன்னது: இவை வேற்றுலகிலிருந்து வந்தவை என்று இதைக் கொண்டு முடிவாகச் சொல்ல முடியாது. எனக்கு அந்த அறிவிப்பில் மிகப் பிடித்த பகுதி அதுதான். தலைப்புச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதை வேண்டாம் என்று வைத்த நேர்மை.

அந்தப் பாக்டீரியாக்கள் கீழிருந்தே மேலே போயிருக்கலாம். உயிர் எவ்வளவு பிடிவாதமானது என்பதை அறிய பலூன்கூட வேண்டாம். மாடக்குளம் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்து, பிறகு ஒரே மழையில் பாசி பிடித்துத் தவளை கத்தும்போது கவனித்திருப்பீர்கள். எத்தனையோ முட்டைகளும் வித்துகளும் அந்தக் காய்ந்த சேற்றுக்குள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவை.

உயிரின் மூலப்பொருள்கள் வானத்திலிருந்து விழுவது மட்டும் சந்தேகமில்லாமல் நிரூபணமான விஷயம். அதை நிரூபித்தவர்களில் முக்கியமானவர் இலங்கை காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும. அவர் முதல் பட்டம் வாங்கியது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில், அதுவும் தத்துவத்தில், 1948இல். பிறகு லண்டனில் வேதியியல் படித்து, கலிபோர்னியாவில் முனைவராகி, நாசாவில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதாக அவரும் குழுவினரும் 1970இல் அறிவித்தார்கள். கல்லைத் தொட்டவர்களின் கையிலிருந்து ஒட்டியதாக இருக்கக்கூடாதா என்று எவரும் கேட்பார்கள். பதிலைக் கல்லே வைத்திருந்தது. அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு. பூமியில் உயிர்களின் புரதம் இடக்கை வடிவத்தை மட்டுமே பயன்படுத்துகிறது. மர்ச்சிசன் கல்லில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தன. மேலும், பூமியின் உயிர்கள் புரதத்தில் பயன்படுத்தாத அமிலங்களும் இருந்தன. ஒட்டியது அல்ல, கூடவே வந்தது. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023இல் அள்ளி வந்த மண்ணிலும், நம் உடல் புரதங்களில் உள்ள இருபதில் பதினான்கு அமினோ அமிலங்கள் இருப்பதாக 2025 ஜனவரியில் சொன்னார்கள். செங்கல் எங்கும் கிடைக்கிறது. வீடு கட்டப்பட்டதா என்பது வேறு கேள்வி.

அடுத்து, நீங்கள் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரிந்த கே2-18பி. சிம்ம ராசி விண்மீன் குழுவின் திசையில், 124 ஒளியாண்டு தொலைவில், பூமியைப் போல எட்டரை மடங்கு நிறையுள்ள கோள். 33 நாளில் தன் சிவப்புச் சூரியனைச் சுற்றிவிடும். வாரணாசி ஐ.ஐ.டி.யில் படித்து இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கும் நிக்கு மதுசூதனனின் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் 2023இல் அதன் காற்றில் மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் கண்டது. 2025 ஏப்ரலில் டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவின் தடயமும் தெரிகிறது என்றார்கள். நம் பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் நுண்பாசிகள்தான் விடுகின்றன. ராமேஸ்வரத்தில் மூக்கில் ஏறும் கடல் வாசனையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த முடிவு மூன்று சிக்மா அளவு உறுதி கொண்டது. அதாவது வெறும் தற்செயலால் இப்படி ஓர் அளவு வர ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. கேட்க நல்ல உறுதி போல இருக்கும். அறிவியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும் என்பது வழக்கம். சில வாரங்களுக்குள் வேறு குழுக்கள் அதே தரவை எடுத்து வேறு முறைகளில் அலசி, அந்த வாயுவை உறுதியாகக் காண முடியவில்லை என்றன. உயிர் இல்லாத ஒரு வால்நட்சத்திரத்திலும் இதே வாயு காணப்பட்டிருக்கிறது. மதுசூதனன் தரப்பும் உயிரைக் கண்டுவிட்டோம் என்று அறிவிக்கவில்லை, இன்னும் நோக்க நேரம் வேண்டும் என்றே கேட்டது. செவ்வாயிலும் இதே கதைதான். பெர்சிவரன்ஸ் ஊர்தி ஒரு பாறையில் கண்ட புள்ளிகள் பழைய நுண்ணுயிர்களின் அடையாளமாக இருக்கக்கூடும் என்று 2025 செப்டம்பரில் சொன்னார்கள். அந்தப் பாறையில் துளைத்தெடுத்த மாதிரி இன்னும் செவ்வாயில்தான் குழாய்க்குள் கிடக்கிறது.

நம் ஊர் இந்தத் தேடலில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். உயிர்களின் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்தவர். பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு குகையில் பூச்சி தின்னும் சிறு வவ்வால்கள் வாழ்ந்தன. உள்ளே எப்போதும் கும்மிருட்டு. வெயிலே எட்டாத அந்த ஆழத்தில் சில வவ்வால்களைக் கூண்டில் வைத்தார்கள். மற்றவை வழக்கம்போல அந்தியில் வெளியே பறந்து விடியலில் திரும்பின. கூண்டுக்குள் இருந்தவையும் பகல் இரவு பார்க்காமலே, போய்வரும் கூட்டத்தின் சந்தடியை வைத்து, சரியாக 24 மணி நேர ஒழுங்கில் விழித்தன. கூட்டமே இல்லாத இடத்தில் வைத்தபோது, அவற்றின் நாள் மெல்ல நழுவித் தன் போக்கில் போயிற்று. மாரிமுத்துவும் ராஜனும் சந்திரசேகரனும் இதை 1981இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க உயிர்க்கடிகாரம் படிப்பவர்கள் அறிந்த ஆய்வு.

இதற்கும் வேற்றுலகுக்கும் என்ன தொடர்பு? சிவப்புக் குறுவிண்மீன்களைச் சுற்றும் கோள்கள் பலவற்றில் பகலும் இரவும் மாறி மாறி வராது என்று எதிர்பார்க்கிறார்கள். 40 ஒளியாண்டு தள்ளி டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்களும் அநேகமாக அப்படித்தான். ஒரு முகம் என்றும் வெயிலில், மறுமுகம் என்றும் இருட்டில். சூரியன் உதிக்கவே உதிக்காத இடத்தில் ஓர் உயிர் தோன்றியிருந்தால் அதற்கு நேரம் என்பது எதிலிருந்து வரும்? அலையிலிருந்தா, எரிமலையிலிருந்தா, பக்கத்தில் அசையும் இன்னோர் உயிரிடமிருந்தா? நம் நாகமலைப் பக்கத்துக் குகையில் இந்தக் கேள்வியின் ஒரு முனையை அவர்கள் பிடித்துவிட்டார்கள். மறுமுனை உங்களுடையது. இந்தத் தேடலுக்கு ராக்கெட் படிப்பவர் மட்டும் போதாது. நுண்ணுயிரியல், வேதியியல், வவ்வால், பாசி, சேறு எல்லாம் வேண்டும். உங்களில் உயிரியல் பிரிவை எடுத்ததற்காக வருத்தப்பட்ட தங்கைக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை. திருவாதவூர் நமக்குப் பக்கத்து ஊர். அங்கே பிறந்த மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் எண்ணிறந்த அண்டங்களைப் பாடியிருக்கிறார். படித்துப் பாருங்கள், மெய் சிலிர்க்கும். அதைக் காட்டி நம் முன்னோருக்கு வெளிக்கோள்கள் எல்லாம் முன்பே தெரியும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். மாணிக்கவாசகர் வியந்தார், ஜேக்கப் அளந்தார். இரண்டும் மனிதனுக்கு வேண்டும், ஒன்றின் பெயரில் மற்றொன்றைக் கோருவது இருவருக்கும் செய்யும் அவமரியாதை. இன்னொன்று, 1977இல் வாயேஜர் கலங்களில் வைத்து அனுப்பிய பொன்முலாம் பூசிய தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் அதற்குச் சண்டை பிடிப்பதைவிட, அடுத்த கலத்துக்குக் கருவி செய்பவர்களின் பட்டியலில் தமிழ்நாட்டுப் பெயர்கள் நிறைய இருக்கும்படி செய்வதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒரு கோரிக்கை, இது பெரியவர்களுக்கும் சேர்த்து. நம் தெருவிளக்குகளில் ஒரு பகுதி வெளிச்சம் தரைக்கு வராமல் வானத்துக்குப் போகிறது. மேல்புறம் மூடிய விளக்கு போட்டால் தெருவும் நன்றாகத் தெரியும், வானமும் பிழைக்கும். காவலூர் ஆய்வகமே சுற்றுப்புற ஊர்களின் வெளிச்சத்தால் தவிக்கிறது. 70 ஒபியூக்கியை வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் முன்னிரவில், திருவோணத்துக்கு மேற்கே, ஏறக்குறைய நம் தலைக்கு மேல் வரும். பழங்காநத்தம் ரவுண்டானாவில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. செக்கானூரணியும் தாண்டிப் போக வேண்டும். கனிமீடுக்கு அந்தச் சிரமம் இல்லை. வியாழன் வானில் இருக்கும் இரவில், கையில் அடங்கும் ஒரு சாதாரண பைனாகுலரைச் சுவரில் அசையாமல் ஊன்றிப் பாருங்கள். வியாழனுக்கு இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை தெரியும். அவற்றுள் பெரும்பாலும் அதிகப் பிரகாசமானது கனிமீடு. ஒரு வாரம் தொடர்ந்து அவை இருக்கும் இடத்தை நோட்டில் வரைந்து வைத்தால், எது எத்தனை நாளில் சுற்றுகிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். கனிமீடுக்கு ஏழு நாளுக்குச் சற்று அதிகம் வர வேண்டும். வரவில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், எங்கே பிசகியது என்று சேர்ந்து தேடுவோம்.

கடைசியாக, ஒரே வார்த்தையில் கேட்டதற்கு என் தனிப்பட்ட யூகத்தையும் சொல்லாமல் நழுவினால் அது நியாயமாகாது. நுண்ணுயிர்கள் பல இடங்களில் இருக்கும் என்று நினைக்கிறேன். நம்மைப் போல யோசித்துக் கேள்வி கேட்பவை மிக மிக அரிது என்று நினைக்கிறேன். பூமி தோன்றிச் சில நூறு மில்லியன் ஆண்டுகளிலேயே உயிர் வந்துவிட்டதாகத் தெரிகிறது, ஆனால் பல செல்கள் சேர்ந்த விலங்கு வர மேலும் மூன்று பில்லியன் ஆண்டுகள் ஆயின. என் யூகத்துக்கு இதுதான் ஆதாரம். ஒரே ஒரு கோளை வைத்துச் சொல்வதால் பலவீனமான ஆதாரம். செவ்வாய் மாதிரிகள் பூமிக்கு வந்து அவற்றில் உயிரின் தடமே இல்லை என்றாகி, யூரோப்பாவின் கடலும் மலட்டுக் கடல் என்று தெரிந்தால், யூகத்தின் முதல் பாதியை நான் விட்டுவிடுவேன். எங்கிருந்தாவது இயற்கையால் விளக்க முடியாத ரேடியோ சமிக்ஞை ஒன்று வந்து, வேறு வேறு நாட்டுத் தொலைநோக்கிகளும் அதைப் பிடித்தால் இரண்டாம் பாதியையும் விட்டுவிடுவேன்.

உங்கள் யூகம் என்ன? அதை எது வந்தால் விட்டுவிடுவீர்கள்? இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற, உங்கள் பக்கத்துத் தெரு வாத்தியார்
பழங்காநத்தம், மதுரை